அம்மம்மா ஏன் சிரித்தார்? 'நன்றி' என்ற சொல் பற்றி

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். ஆறு கிழமை யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அம்மம்மா வீட்டில் வந்து நின்றாராம். சாப்பாடு போட்டால் நன்றி, தண்ணீர் தந்தால் நன்றி, துவாய் எடுத்துக் கொடுத்தால் நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மம்மா ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறார். மாமி மட்டும் ஒருநாள், "என்ன பிள்ளை, பிறத்தியாரோட கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்?" என்று முகம் வாடிக் கேட்டிருக்கிறார். "நன்றி என்பதற்கு உண்மையில் என்ன பொருள்? யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது? ஒருவர் எனக்கு நன்றி சொன்னால் திருப்பி என்ன சொல்வது?" என்பவை அவர் கேட்ட மூன்று கேள்விகள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவன். கலியாண அழைப்பிதழ், கோயில் துண்டுப்பிரசுரம், பாடசாலை மலர், இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டு என்று எதை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு மூலையில் இந்தச் சொல் வந்து நிற்கும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. பார்த்துப் பார்த்தே இந்தச் சொல் மேல் எனக்கு ஒரு பற்று வந்துவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பிள்ளை. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நல்ல, நலம், நன்மை, நன்று, நன்றி எல்லாம் 'நல்' என்ற ஒரே அடியில் கிளைத்தவை. நன்றி என்றால் முதற்பொருள் நல்லது, நன்மை. பிறகு ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற நல்லது, அதாவது உதவி. 'உங்களுக்கு நன்றி' என்று வாயால் சொல்கிறோமே, அந்தப் பொருள் இவற்றுக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

இது விளங்க ஒரு குறள் போதும்.

தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து
முந்தி யிருப்பச் செயல். (67)

இன்றைய பொருளை வைத்து இதைப் படித்தால் தகப்பன் மகனுக்கு நன்றி சொல்கிறார் என்று வரும். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதிவிட்டு அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. வள்ளுவர் சொல்வது வேறு. படித்தவர்கள் கூடிய சபையில் மகன் முன்வரிசையில் இருக்கும்படி அவனை ஆளாக்கிவிடுவதுதான் தகப்பன் அவனுக்குச் செய்யும் நன்மை. இங்கே நன்றி கொடுப்பவருடைய கையில் இருக்கிறது, வாங்குபவருடைய வாயில் இல்லை. 'நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்' (138) என்னும்போதும் அது நன்மைதான். உரைகாரர்கள் அதை அறம் என்றே கொள்கிறார்கள்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். பழைய தமிழில் நன்றி என்ற பெயரோடு என்னென்ன வினைகள் சேர்கின்றன? நன்றி செய்தல், நன்றி அறிதல், நன்றி மறத்தல், நன்றி கொல்லுதல். ஒருவர் செய்வார், மற்றவர் அதை அறிந்து வைத்திருப்பார், அல்லது மறப்பார், இன்னும் மோசமானவர் அதைக் கொன்றே விடுவார். 'நன்றி சொல்லுதல்' இந்தக் கூட்டத்தில் இல்லை. குறளின் 11 ஆவது அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. பத்துக் குறளில் ஒன்றிலாவது, உதவி பெற்றவன் போய் வாயால் இன்னதைச் சொல்ல வேண்டும் என்று இல்லை. தெரிந்திரு, நினைத்திரு, மறவாதே, கொல்லாதே என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வடமொழியில் இதே எண்ணத்துக்கு வழங்கும் கிருதஜ்ஞ என்ற சொல்லைப் பிரித்தாலும் 'செய்ததை அறிந்தவன்' என்றுதான் வரும்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதே சொல் இரண்டு பொருளில் அடுத்தடுத்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு.

எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை
செய்ந்நன்றி கொன்ற மகற்கு. (110)

முதலில் வரும் 'எந்நன்றி' எவ்வளவு பெரிய அறத்தையும் குறிக்கிறது. இரண்டாவதாக வருவது ஒருவர் செய்த உதவி. எந்த அறத்தை அழித்தவனுக்கும் தப்ப வழி உண்டு, உதவியை அழித்தவனுக்கு இல்லை. இது வள்ளுவருக்கு மட்டும் தோன்றிய எண்ணமும் இல்லை. புறநானூற்றின் 34 ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பார்த்து, பசுவின் மடியை அறுத்தவனுக்குக்கூடக் கழுவாய் உண்டு, 'செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்' என்று அறம் பாடியிருக்கிறது என்கிறார். அங்கே 'செய்தி' என்பது பேப்பரில் வரும் செய்தி இல்லை, செய்யப்பட்ட உதவி.

ஒளவையாரிடம் போனால் இன்னும் எளிமை. ஆத்திசூடியில் 'நன்றி மறவேல்'. மூதுரையில் 'நன்றி ஒருவர்க்குச் செய்தக்கால்' என்று தொடங்கும் வெண்பா. காலால் குடித்த நீரைத் தென்னை தலையால் திருப்பித் தருகிறது, அதனால் செய்த நன்றி எப்போது திரும்பி வரும் என்று கேட்கவே வேண்டாம் என்பது அதன் சாரம். இங்கும் 'நன்றி செய்தக்கால்' என்றே வருகிறது. யாழ்ப்பாணத்தில் கிணற்றடித் தென்னைக்குக் குளித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெண்பாவுக்கு உரை தேவையில்லை. 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்' என்ற குறளும் அப்படித்தான். வகுப்பில் அதைப் படித்தபோது யன்னலுக்கு வெளியே பனை நின்றது. அதற்குமேல் வாத்தியார் விளக்கவில்லை.

சரி, இது ஏட்டுக் கதை. இனி வாய்க்கு வருவோம்.

ஒரு சொல் மக்கள் வாயில் புரண்டு வளர்ந்ததா, ஏட்டிலிருந்து இறங்கி வந்ததா என்று அறிய எங்கள் பேச்சில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'ன்ற' பேச்சில் 'ண்ட' ஆகும். ஒன்று ஒண்டு, மூன்று மூண்டு, என்று எண்டு, இன்றைக்கு இண்டைக்கு, பன்றி பண்டி, மாங்கன்று மாங்கண்டு. தமிழ்நாட்டில் இவை வேறு வழியில் போய் ஒண்ணு, மூணு, பன்னி ஆகும். ஆனால் நன்றியை 'நண்டி' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டுக்காரர் 'நன்னி' என்று சொல்லியும் கேட்டதில்லை. இரண்டு கரையிலும் எழுத்தில் உள்ளபடியே நன்றி என்கிறார்கள். தினமும் அடுப்படியிலும் வளவிலும் புழங்கிய சொல்லாக இருந்தால் அதுவும் பண்டியைப் போலத் தேய்ந்திருக்கும். தேயவில்லை. பள்ளிக்கூடம், மேடை, பூசை, பத்திரிகை வழியாக வந்ததால் உடுப்புக் கசங்காமல் நிற்கிறது. உங்கள் அம்மம்மா சிரித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். வீட்டுக்குள்ளே ஒருவர் மேடைத் தமிழ் பேசினால் அவருக்குச் சிரிப்பு வருமா, வராதா?

மற்றப் பாதிக் காரணம் ஆழமானது. அதற்கு முன்னர் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் நன்றி என்ற சொல் கேட்கவே கேட்காது என்று நினைக்காதீர்கள். அது இல்லை என்று சொல்வதற்காகத்தான் கேட்கும். நன்றிகெட்டவன், நன்றி மறந்தவள், 'நன்றிகெட்ட சென்மம்'. யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய கடுமையான வார்த்தைகளில் இது ஒன்று. கள்ளன் என்றாலும் பொறுத்துக்கொள்வார், நன்றிகெட்டவன் என்றால் அந்த முற்றத்தை மறுபடி மிதிக்க மாட்டார். அவர் 'நன்றி' என்று வாயால் சொல்லாமல் போனதற்காக யாரும் அப்படி ஏசுவதில்லை. உண்ட வீட்டுக்கு ஒரு அவசரம் வந்தபோது அவர் வரவில்லை என்பதற்காகத்தான் ஏசுவார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியிலும் வேலை நினைவுக்குத்தான்.

அப்படியானால் உதவி பெற்ற இடத்தில் எங்கள் ஆட்கள் வாயால் என்ன சொல்வார்கள்? நிறையச் சொல்வார்கள்.

வயதானவர்கள் 'பெரிய உபகாரம்' என்பார்கள். 'மெத்தப் பெரிய உதவி' என்பார்கள். இளையவர் ஒருவர் பஸ்சில் எழுந்து இடம் கொடுத்தால் ஆச்சி, "நல்லா இரு மோனை" என்று சொல்லிவிட்டு இருப்பார். அது வாழ்த்து, அதனால் மேலிருந்து கீழேதான் வரும். நீங்கள் திருப்பி ஆச்சியைப் பார்த்து 'நல்லா இருங்கோ' என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதக் கை கொடுத்தவருக்கு, "உனக்குக் கோடி புண்ணியம், ராசா" என்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். என்னால் இந்தக் கடனைத் தீர்க்க முடியாது, உன் கணக்கில் புண்ணியமாக ஏறட்டும் என்று மேலே ஒப்படைக்கும் பேச்சு அது. சிங்களவர்கள் சாதாரணமாக 'ஸ்தூதியி' என்றாலும், மனம் நெகிழ்ந்தால் 'பின் சித்த வேவா' என்பார்கள். 'பின்' என்பது புண்ணியம், அது உண்டாகட்டும் என்பது பொருள். எங்கள் முஸ்லிம் அயலவர்கள் 'ஜஸாகல்லாஹ்' என்பதும் அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும் என்றே. மூன்று மொழி, மூன்று சமயம், சொல்லின் எலும்பு ஒன்றாக இருக்கிறது. ஸ்தூதி என்ற சொல்லும் நமக்கு அந்நியம் இல்லை. அது நாம் கடவுளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்த 'துதி'தான்.

தேவாலயத்தில் மட்டும் நன்றி முழுதாக வாய்ச்சொல். பூசையில் வாசகம் முடிந்ததும் சனம் ஒரே குரலில் 'இறைவா உமக்கு நன்றி' என்று பதில் சொல்லும். சைவர்கள் அதையே கையாலும் உடம்பாலும் செய்கிறார்கள். நேர்த்திக்கடன் என்ற பெயரைப் பாருங்கள், அதிலும் கடன் இருக்கிறது. பிள்ளை சுகப்பட்டால் நல்லூரில் காவடி, செல்வச்சந்நிதியில் அன்னதானம். தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கலில் மாட்டைக் குளிப்பாட்டி மாலை போட்டு வாயில் பொங்கலை ஊட்டுகிறவர் மாட்டிடம் என்ன வார்த்தை சொல்கிறார்? ஒன்றுமில்லை.

கடைக்குப் போனால் மிச்சக் காசை வாங்கிக்கொண்டு "சரி அண்ணை, வாறன்" என்கிறோம். அவர் "ஓம், வாங்கோ" என்கிறார். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இளம் ஆட்கள் ஓட்டோக்காரரிடம் 'தாங்ஸ் அண்ணை' என்கிறார்கள். தமிழ் அழிகிறது என்று இதற்குச் சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. பேனையை எடுத்துத் தந்ததற்கு 'நன்றி' என்றால் பாரம் கூடிவிடுகிறது, ஒன்றும் சொல்லாவிட்டால் குறைந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் 'தாங்ஸ்' உட்கார்ந்துவிட்டது. அதைத் துரத்த வேண்டுமென்றால் அந்த எடைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். இன்னும் நம் பேச்சில் அது வரவில்லை.

இனி உங்கள் மாமியின் முகவாட்டத்துக்கு வருகிறேன். இதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னால்தான் சரி.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வந்ததால், யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பியது. பல இலட்சம் சனம். நாங்கள் உரும்பிராயிலிருந்து வெளிக்கிட்டோம். அப்பா, அம்மா, பாட்டி, நாங்கள் நாலு பேர், சித்தப்பா குடும்பம், இரண்டு சைக்கிள். செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரே தலைக்கூட்டம், மழை வேறு. ஓரடி வைக்க எத்தனை நேரம் சென்றது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுத்தநாள் பின்னேரம் மட்டுவிலில் ஒரு வீட்டு வேலியோரம் இருந்துவிட்டோம். அதற்குமேல் பாட்டியால் நடக்க முடியவில்லை. வீட்டுக்காரப் பெண் படலையைத் திறந்து பார்த்தார். எங்களுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு எங்களைத் தெரியாது. "ஏன் வெளியில இருக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்றார். அவ்வளவுதான். ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. அடுத்தநாள் காலையில்தான் பெயர் கேட்டார். 1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பும்வரை ஆறு மாதம் அளவில் அந்த வீட்டு மாலிலும் விறாந்தையிலும் இருந்தோம்.

திரும்பும் நாளில் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா தமிழ் படித்தவர், கோயில் கூட்டங்களில் நன்றியுரை சொல்லக் கூப்பிடுவது அவரைத்தான். சைக்கிள் பிடியைப் பிடித்தபடி கன நேரம் நின்றார். பிறகு, "அப்ப போட்டு வாறம், அக்கா" என்றார். அவர், "ஓம், போட்டு வாங்கோ" என்றார். முடிந்தது.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டியதும் அப்பா முதற் கட்டைச் சைக்கிளில் வைத்து மட்டுவிலுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமும். 2000 ஆம் ஆண்டு, மட்டுவில் இருக்கிற தென்மராட்சியில் சண்டை மூண்டபோது அந்த அக்கா குடும்பம் உடுத்த உடுப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா "உள்ளுக்கு வாங்கோ" என்று சொன்னார். அதே இரண்டு சொல். வேண்டுமென்று சொன்னாரா, தானாக வந்ததா, நான் கேட்கவில்லை. அப்பா இப்போது இல்லை. அந்த அக்காவும் இல்லை. வெங்காயம் இன்னும் போகிறது, இப்போது நான் கொண்டுபோகிறேன். அவர்கள் வளவுப் பலாப்பழம் ஒன்று என் சைக்கிளில் ஏறி வருகிறது.

அந்தப் படலையில் அப்பா 'நன்றி' என்று சொல்லியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாமல் விட்டது கணக்கைத் திறந்து வைத்தது. உறவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித் திறந்து கிடக்கிற கணக்குகளைத்தான். ஆடிப்பிறப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கூழோ கொழுக்கட்டையோ வந்தால் அந்தச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்வார். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார். அப்போதுதான் சட்டி மறுபடி வரும். உங்கள் மாமிக்கும் அப்படித்தான். நீங்கள் கோப்பையை வைத்துவிட்டு நன்றி சொன்னபோது, 'சரி, உங்களுக்கும் எனக்கும் கணக்குச் சரி' என்று அவர் காதில் விழுந்திருக்கும். நீங்கள் மரியாதையாகச் சொன்னது அவருக்கு விலகலாகக் கேட்டது. பிழை உங்களிடமும் இல்லை, அவரிடமும் இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். சொல்லாமல் இருப்பது எல்லா இடத்திலும் ஆழமான அன்பு என்று எங்கள் ஊரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அதை எனக்குக் காட்டியது அச்சகம்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31 ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், வம்ச அட்டவணை, கடைசியில் 'நன்றி நவிலல்'. நவில் என்றால் சொல்லுதல். அந்த அழகான வினை எங்கள் ஊரில் இன்று ஏறக்குறைய இந்தப் பக்கத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அதையும் 'நவிழல்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள், திருத்துவேன். செத்தவீட்டில் யாரும் நன்றி சொல்வதில்லை, வந்தவரும் 'போட்டு வாறன்' என்று சொல்லாமல் பேசாமல் எழுந்து போய்விடுவார். அந்த வீட்டின் வாய் திறப்பது ஒரு மாதம் கழித்து, அச்சில்தான். 'எமது குடும்பத் தலைவரின் பிரிவுத் துயரில் நேரில் வந்து ஆறுதல் கூறியவர்களுக்கும், தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், உணவு தந்துதவிய அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், இந்நூலை அழகுற அச்சிட்ட அச்சகத்தாருக்கும் எமது இதயபூர்வமான நன்றிகள்.' ஏறக்குறைய இதே வரிசை, இதே சொற்கள். அச்சகத்துக்குக்கூட நன்றி உண்டு. நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு.

பல வருடம் பார்த்த பிறகுதான் அந்த வரிசையில் யார் இல்லை என்பது கண்ணில் பட்டது. அன்றைக்கு விடியப்புறம் வந்து பறை அடித்தவர் இல்லை. வெள்ளை கட்டியவர், துணி வெளுத்தவர் இல்லை. முடி வழித்தவர் இல்லை. சுடலையில் கட்டை அடுக்கி விடியும்வரை நின்றவர் இல்லை. இவர்கள் இல்லாமல் அந்தச் சடங்கில் ஒன்றும் நடந்திருக்காது. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்கு உறவின் நெருக்கம் காரணமா? கணக்கைத் திறந்து வைத்தார்களா? இல்லை. அது அவர்கள் கடமை, செய்யத்தானே வேண்டும் என்ற சாதித் திமிர். அந்த மௌனமும் அப்பாவின் மௌனமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இரண்டும் வேறு.

ஒருமுறை ஒரு மகன் தகப்பனாருடைய கல்வெட்டுக்கு எழுதிக்கொண்டு வந்த தாளில் குருக்களுக்கு அடுத்த வரியாக 'பறை முழக்கி அப்பாவை வழியனுப்பியவர்களுக்கும்' என்று இருந்தது. கூட வந்த பெரியவர் அதை வெட்டச் சொன்னார். வழமை இல்லை என்றார். மகன் என்னைப் பார்த்து, "ஐயா, அந்த வரி அப்படியே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் மெய்ப்புப் பார்த்தேன், ஓர் எழுத்துக்கூடப் பிழைக்கக் கூடாது என்று.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், தயங்காமல், முகம் பார்த்து. குப்பை அள்ள வருபவருக்கு, ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பவருக்கு, அம்மம்மா வீட்டுக்குத் தேங்காய் பிடுங்க வருபவருக்கு. அவர்கள் விஷயத்தில் யாழ்ப்பாணம் உங்களிடம் படிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள், அலுவலகம், வங்கி, மேடை, கடிதம் எல்லாவற்றிலும் நன்றி இயல்பானது. வீட்டுக்குள் மட்டும் வேறு வழியில் சொல்லுங்கள். அம்மம்மா புட்டு வைத்தால் "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கோப்பையை நீட்டுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது. மாமி சமைக்கும்போது பக்கத்தில் இருந்து தேங்காய் துருவுங்கள். ரொறன்ரோவுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, அங்கே சாப்பிட்ட ஒரு கறியின் பெயரைச் சொல்லுங்கள். அதற்காக வீட்டாருக்கு வாழ்நாளில் ஒருமுறையும் வாயால் சொல்லக் கூடாது என்றும் இல்லை. என் அம்மாவிடம் நான் சொன்னதே கிடையாது. அவர் போன பிறகு அது எனக்கு உறுத்துகிறது.

எழுத்தில் சில சின்ன விஷயங்கள். 'மிக்க நன்றி' சரி. 'மிகவும் நன்றி' வேண்டாம், மிகவும் என்பது 'மிகவும் நல்லது' என்பதுபோல ஒரு பண்பைத் தேடும். 'நன்றிகள்' பிழையா என்று அடிக்கடி கேட்பார்கள். தொடக்கத்தில் நானும் 'கள்'ளை வெட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். நன்றி என்றால் செய்த நன்மை, நன்மைகள் பலவாக இருக்கலாம்தானே. ஆனால் ஒற்றை உதவிக்கு ஒற்றை நன்றி அழகு. 'உங்களுக்கு நான் நன்றியாக இருக்கிறேன்' என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் எழுதுவது தமிழில் நிற்காது. 'நன்றியுடையவளாக இருக்கிறேன்' என்றோ 'கடமைப்பட்டிருக்கிறேன்' என்றோ எழுதுங்கள். செய்யாத வேலைக்கு 'முன்கூட்டியே நன்றி' என்று கடிதத்தை முடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. செய்தபிறகுதானே அது நன்றி ஆகிறது.

கடைசியாக, உங்களுக்கு ஒருவர் நன்றி சொன்னால் என்ன பதில்? அதற்கென்று ஒரு கட்டாயச் சொல் தமிழில் கிடையாது. மொழிபெயர்க்கும் செயலிகளைக் கேட்டு 'நல்வரவு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வாசலில் வருபவருக்குச் சொல்வது. மேடையிலோ கடிதத்திலோ 'மகிழ்ச்சி' போதும். சமவயதுக்காரரிடம் 'பரவாயில்லை'. ஊரில் நெருக்கமானவர் என்றால் "உதுக்கென்ன" என்பார்கள், "இதில என்ன கிடக்கு" என்பார்கள். வயதானவர் உங்களைப் பார்த்துக் கோடி புண்ணியம் என்றாலோ நல்லா இரு என்றாலோ ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையைக் கொஞ்சம் குனிந்து சிரியுங்கள், போதும்.